இருநூறு மணி நேரத்துக்குப் பிறகு

போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். மஞ்சப்பையில் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சுருட்டி வைத்திருந்தார். கைலித் தறி நாலு ஓட்டுகிறவர். மகன் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்துவிட்டு, பைலட்தான் ஆவேன் என்று நிற்கிறானாம்.

"சார், உங்க பொண்ணு பைலட்டாமே. எவ்ளோ செலவு ஆவும், எவ்ளோ சம்பளம் வரும், ரெண்டே விஷயம் சொல்லுங்க. ரெண்டு ஏக்கர் புஞ்ச கீது. பேங்குல வெக்கலாமா, வித்துடலாமா?"

செலவைப் பற்றிய கேள்விக்கு அரை மணியில் பதில் சொல்லிவிட்டேன். சம்பளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து விளக்கு வைக்கிற நேரம் ஆகியும் முடியவில்லை. அவரிடம் சொன்னதையும், அவர் பஸ் ஏறிப் போன பிறகு எனக்கு ஞாபகம் வந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்த மாவட்டத்தில் அவரைப் போல இன்னும் பல அப்பாக்கள் இருப்பார்கள்.

நான் 34 வருஷம் பொதுத்துறை வங்கியில் வேலை பார்த்தவன். கடைசி ஒன்பது வருஷம் கடன் பிரிவு. கல்விக் கடன் ஃபைல் என் மேஜையில் வராத வாரம் கிடையாது. அதனால் நிலத்தைப் பற்றி அவர் கேட்டதும் மனசு கஷ்டப்பட்டது. விவசாய நிலத்தை, கடன் பாக்கிக்காகச் சொத்தை எடுக்க வழி செய்கிற சர்ஃபாசி சட்டத்தின் கீழ் வங்கி கைப்பற்ற முடியாது. அதனாலேயே கல்விக் கடனுக்கு அதை அடமானமாக எடுக்க வங்கிகள் தயங்கும். வீடு, மனை என்றுதான் கேட்பார்கள். அவரிடம் இருப்பது புஞ்சை. அதாவது அவருக்கு 'வைக்கலாமா' என்ற வழியே அநேகமாக இல்லை, விற்கிற வழி மட்டும்தான். விற்ற நிலம் திரும்பி வராது.

எங்களுக்கு காட்பாடி காந்தி நகரில் வீடு இருந்தது. அதை அடமானம் வைத்தேன்.

கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம், பக்கத்தில் வாத்தியார் பொறுப்பேற்காமல், தானே விமானத்தின் பொறுப்பாளராக ஓட்டியிருக்க வேண்டும். 300 நாட்டிகல் மைல், நம் கணக்கில் சுமார் 555 கிலோமீட்டர், நடுவில் வேறு இரண்டு இடங்களில் இறங்கி ஏறி ஒரு நீண்ட பயணம் முடித்திருக்க வேண்டும். ராத்திரியில் பறக்கணும், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கணும். நேவிகேஷன், வானிலை, ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் என்று பரீட்சைகள் வேறு. இதற்கெல்லாம் சேர்த்து எங்களுக்கு 52 லட்சம் ஆனது. 40 லட்சம் கடன். மீதி என் பி.எஃப். பணமும் என் மனைவியின் நகையும்.

40 லட்சத்தை 11 சதவீத வட்டியில் பத்து வருஷத்தில் அடைக்க, மாதத் தவணை சுமார் 55,000 ரூபாய். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம் என்று சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் வட்டி அந்த ஒரு வருஷமும் ஓடிக்கொண்டே இருக்கும். வருஷத்துக்கு 4,40,000. இந்தக் கணக்கை நூறு பேருக்கு நானே போட்டுக் காட்டியிருக்கிறேன். என் மகளுக்குப் போடும்போது, ஒரு வருஷத்துக்குள் ஒரு ஏர்லைனில் சேர்ந்துவிடுவாள், சேர்ந்தால் 55,000 ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்துப் போட்டேன். அங்கேதான் நான் தவறினேன்.

நாட்டில் பைலட் பற்றாக்குறை என்று பேப்பரில் அடிக்கடி வரும். இன்னும் 15, 20 வருஷத்தில் 30,000 பைலட் வேண்டும் என்று அமைச்சரே பேசியிருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த பைலட் வேண்டும் என்பதைப் படிக்கிற நாம் கவனிப்பதில்லை. ஏர்லைன்களுக்கு உடனே வேண்டியது கமாண்டர்கள், அதாவது விமானத்துக்குப் பொறுப்பேற்கிற தலைமை பைலட்கள். அந்த நாற்காலிக்கு வேண்டிய லைசென்ஸுக்கு 1500 மணி நேரம் வேண்டும். கையில் 200 மணி நேரத்தோடு புதிதாக வெளியே வருகிற பிள்ளைகளுக்கு அப்படி ஒரு தட்டுப்பாடும் இல்லை. 2023 ஒரே வருஷத்தில், விமானத் துறையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. கொடுத்த கமர்ஷியல் லைசென்ஸ் 1,622. அத்தனை பேரும் ஒரே வாசலில்தான் நிற்கிறார்கள். ஏர்லைன் வாசலுக்குப் போக டைப் ரேட்டிங் வேண்டும், அதாவது ஏர்பஸ் 320 மாதிரி குறிப்பிட்ட ஒரு விமானத்துக்கான தனிப் பயிற்சி. அதற்கு இன்னொரு 15, 20 லட்சம். என்னிடம் அடமானம் வைக்க இன்னொரு வீடு இல்லை.

லைசென்ஸ் வாங்கி வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் செலவு நிற்காது. கிளாஸ் ஒன் மெடிக்கல் என்கிற உடல் தகுதிப் பரிசோதனை வருஷத்துக்கு ஒரு முறை. கருவிப் பறத்தலுக்கான ரேட்டிங்கையும் வருஷா வருஷம் புதுப்பிக்கணும், அதற்கு மறுபடி விமானம் வாடகைக்கு எடுத்து ஓட்டிக் காட்டணும். பதினாலு மாதம் அவள் வீட்டில் இருந்தாள். எங்கம்மா, அவளுக்கு ஆயா, தினமும் காலையில் கேட்பார்: "ஏண்டி, இன்னும் லெட்டரு வரலியா?" அவள் பதில் சொல்லாமல் மாடிக்குப் போய்விடுவாள். மாடியில் நின்றால் சென்னையிலிருந்து பெங்களூர் போகிற விமானங்கள் கோடு கிழித்துப் போவது தெரியும்.

பிறகு வேலை வந்தது. வடக்கே ஒரு ஊர், விமானத்தை வாடகைக்கு விடுகிற ஒரு சின்ன சார்ட்டர் கம்பெனி. இரண்டு விமானம், ஒன்று பெரும்பாலும் பட்டறையில். கம்பெனி பெயர் வேண்டாம். இதை எழுதுவது ஒரு கம்பெனியைச் சந்தியில் நிறுத்த அல்ல, அவளோடு படித்த பிள்ளைகள் வேறு வேறு ஊர்களிலிருந்து சொல்வதும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

வேலைக்குச் சேர்ந்தது பைலட்டாக அல்ல. 'முதலில் ஆப்பரேஷன்ஸில் இரு, சீட் காலியானதும் ஏற்றுகிறோம்' என்றார்கள். சம்பளம் 22,000. விமானத்துக்கு பெர்மிஷன் வாங்குவது, எரிபொருள் எண்ணெய்க்கு ஆள் பிடிப்பது, பயணிகளுக்குச் சாப்பாடு சொல்வது, ஹோட்டலிலிருந்து அவர்களைக் காரில் அழைத்து வருவது, விமானம் கழுவுவது. எந்த வேலையும் கேவலம் இல்லை, நானும் வங்கியில் சேர்ந்த புதிதில் லெட்ஜர் தூக்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பதினோரு மாதத்தில் பறந்த நேரத்தை எழுதி வைக்கிற அவள் லாக்புக்கில் ஒரு வரி ஏறவில்லை. பறக்கக் கற்ற கை பறக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று பயப்படுவாள். ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டிய காக்பிட் படத்தைத் தொட்டுத் தொட்டுச் செக்லிஸ்ட் சொல்லிப் பார்ப்பாளாம். அறைத்தோழி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

சீட் காலியானபோது ஒரு பாண்ட் பத்திரம் வந்தது. மூன்று வருஷம் விலகக் கூடாது, விலகினால் பயிற்சிச் செலவு என்று ஒரு பெரிய தொகை கட்டணும். அதோடு ஒரு வரி: கையெழுத்துப் போட்ட, தொகையும் தேதியும் எழுதாத மூன்று காசோலைகள்.

ஃபோனில் படித்துக் காட்டினாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். வெற்றுக் காசோலை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். பணம் இல்லாமல் திரும்பினால் செலாவணி முறிச் சட்டம் 138-ஆம் பிரிவு, இரண்டு வருஷம் வரை சிறை, காசோலைத் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம். வழக்காடி வெளியே வரலாம்தான். ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை ரேட்டிங் புதுப்பிக்கவே திணறுகிற ஒரு பிள்ளை, வேறு மாநிலத்துக் கோர்ட்டில் எத்தனை வாய்தாவுக்குப் போய் நிற்கும்?

பாண்ட் என்பதே சட்ட விரோதம் என்று சிலர் வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று வருஷத்துக்குள் விலகிய ஒரு வங்கி அதிகாரி 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற பாண்ட் செல்லும் என்றே தீர்ப்புச் சொன்னது. எங்கள் துறை என்பதால் அதை வரி விடாமல் படித்தேன். பாண்ட் வேறு, வெற்றுக் காசோலை வேறு. முதலாவதில் தொகை எழுதியிருக்கும், பேசலாம், குறைக்கச் சொல்லலாம். இரண்டாவதில் பேசுவதற்கே ஒன்றும் இல்லை. "பாண்டில் கையெழுத்துப் போடு, காசோலை தராதே" என்றேன். பத்து நாள் இழுபறிக்குப் பிறகு, தொகை எழுதின ஒரே ஒரு காசோலையோடு ஒப்புக்கொண்டார்கள். கேட்டால் குறையும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கேட்கலாம் என்பதை இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

கோ-பைலட் சம்பளம் 45,000. பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் கொஞ்சம் படி. தவணை 55,000. வித்தியாசத்தை என் பென்ஷன் கட்டுகிறது.

போன வருஷம் தை மாதம் அங்கே போய் மூன்று நாள் அவளோடு இருந்தேன். அதில் ஒரு நாளை மட்டும் சொல்கிறேன்.

விடிகாலை 3.30-க்கு அலாரம். 5 மணிக்கு விமான நிலையத்தில். பாதுகாப்பு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். இறக்கைக்கு அடியில் குனிந்து, ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் எண்ணெய் பிடித்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் குமிழ் மாதிரி நிற்குமாம். ஒரு முறை பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள், மறுபடி பிடித்துப் பார்த்தாள். சின்ன வயதில் ஆயா ஊற்றித் தருகிற கஷாயத்தை அவள் அப்படித்தான் தூக்கிப் பார்ப்பாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

6.30-க்குப் புறப்பட வேண்டிய பயணி 9 மணிக்கு வந்தார். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் பறந்து ஒரு ஊரில் இறங்கினார்கள். அங்கே அவருக்கு ஒரு கல்யாணம், ஒரு மீட்டிங். 'மூணு மணிக்குத் திரும்பிடலாம்' என்றவர், ஐந்து என்றார், பிறகு ஏழு என்றார். கமாண்டரும் இவளும் அந்தச் சின்ன விமான நிலையத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தார்கள். படுக்க இடம் இல்லை. சாப்பாடு, வெளியே ஆட்டோ பிடித்துப் போய் வாங்கி வந்த இரண்டு பொட்டலம். இரவு 8.30-க்கு மேல் கிளம்பித் திரும்பி, பேப்பர் வேலை முடித்து, அறைக்கு வரும்போது 11 மணி.

கட்டிலில் உட்கார்ந்து லாக்புக் எழுதினாள். எட்டிப் பார்த்தேன். தேதி, விமானத்தின் பெயர், புறப்பட்ட இடம், இறங்கிய இடம், நேரம். 2 மணி 20 நிமிடம்.

விடிகாலை மூன்றரையிலிருந்து விழித்திருக்கிற பெண், இருட்டில் ஒரு விமானத்தை இறக்கிவிட்டு வந்திருக்கிறாள். அந்த நாளுக்கு அவள் புத்தகத்தில் இருப்பது அவ்வளவுதான். மார்ச் 31 கணக்கு முடிக்கும் ராத்திரியில் நானும் நடுநிசி வரை கண் எரிய உட்கார்ந்திருக்கிறேன். தூக்கக் கலக்கத்தில் தப்பாகப் போட்ட என்ட்ரியை மறுநாள் ரிவர்ஸ் பண்ணிவிடலாம். அவளுக்கு அந்த மறுநாள் கிடையாது.

அந்த மாதம் அவள் பறந்தது மொத்தம் 18 மணி நேரம். நல்ல மாதத்தில் 25 வரும். சராசரி 20 என்று வைத்தாலும், 200-லிருந்து 1500-க்குப் போக இன்னும் 1300 மணி நேரம், 65 மாதம். கிட்டத்தட்ட ஐந்தரை வருஷம் ஆகிறது. இந்தப் பிள்ளைகள் சம்பளம் எவ்வளவு என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை, 'ஹவர்ஸ் எவ்ளோ வருது?' என்றுதான் கேட்கிறார்கள். சம்பளமே வேண்டாம், ஹவர்ஸ் கொடுங்கள் என்று வரிசையில் நிற்கிறவர்களும் உண்டு. கம்பெனிக்கும் அது தெரியும். ரூபாயில் தர வேண்டியதை மணியில் தருகிறார்கள். ரூபாய் குறைந்தால் கடன் வாங்கலாம், என்னை மாதிரி ஒரு அப்பா இருந்தால் பென்ஷனில் ஈடு கட்டலாம். ஹவர்ஸை யாரிடமும் கடன் வாங்க முடியாது. அதைக் கொடுக்கிற கைக்கு எதிராக வாய் திறக்க முடியாமல் போகிறது. எனக்குப் பெரிய கவலை 45,000 என்ற தொகை அல்ல, இதுதான்.

ஒரு முறை அவள் வாய் திறந்தாள். கடுமையான சளி, காது அடைத்திருந்தது. அந்த நிலையில் மேலே போனால் காற்றழுத்தம் மாறும்போது காதுக்குள் உயிர் போகிற வலி வரும், செவிப்பறை கிழியவும் கூடும். சளி மாத்திரைகளில் பல தூக்கம் தருபவை, போட்டுக்கொண்டு ஓட்டக் கூடாது. "இன்றைக்கு நான் ஃபிட் இல்லை" என்று ஆப்பரேஷன்ஸுக்குச் சொன்னாள். 'ஒரு மாத்திரை போட்டுட்டு வாம்மா, ஒரு செக்டர்தானே' என்று பதில் வந்தது. வர முடியாது என்று மறுபடியும் சொன்னாள். வேறொரு பெண்ணை அனுப்பினார்கள். அதற்கடுத்த மூன்று வாரம் ரோஸ்டரில், அதாவது யார் எப்போது பறப்பது என்ற பட்டியலில், என் மகள் பெயர் இல்லை. யாரும் திட்டவில்லை, மெமோ இல்லை. பெயர் மட்டும் வரவில்லை.

அன்று ராத்திரி அவள் ஃபோனில் அழுதாள். "நான் பண்ணது தப்பாப்பா?" என்றாள். நான் சொன்ன சமாதானத்தை விட, அமெரிக்காவில் நடந்த ஒன்றைத்தான் நான் அன்று அதிகம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பயிற்சியில் இருந்தபோது அவள்தான் எனக்கு அதைச் சொன்னாள்.

2009 பிப்ரவரி 12. நியூயார்க் பக்கத்து நூவர்க்கிலிருந்து பஃபலோ போன ஒரு சின்ன பிராந்திய விமானம், இறங்கப் போகும் நேரத்தில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் ஒருவரும் இறந்தார்கள். கோ-பைலட்டுக்கு வயது 24. சியாட்டிலில் பெற்றோரோடு இருந்தவர், நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ராத்திரி முழுக்க வேறு விமானங்களில் வந்து வேலையில் ஏறியிருந்தார். அவர் சம்பளம் ஆண்டுக்கு 16,000 டாலர் அளவு என்று விசாரணையில் பேசப்பட்டது, கம்பெனி அதைவிடக் கூட என்றது. காக்பிட் ஒலிப்பதிவில் அவர் தனக்கு உடம்பு சரியில்லை என்று பேசுவது இருக்கிறது. வீட்டிலிருக்கும்போது இப்படி இருந்தால் வந்திருக்கவே மாட்டேன், இங்கே வந்த பிறகு லீவு சொன்னால் ஹோட்டல் வாடகையை நானே கட்டணும் என்கிறார்.

விபத்துக்கு முதல் காரணமாக விசாரணை சொன்னது, விமானம் வேகம் இழந்தபோது கமாண்டர் செய்த தவறான கையாளலை. இருவருக்கும் களைப்பு இருந்திருக்கும், ஆனால் அது எவ்வளவு தூரம் காரணம் என்று அளக்க முடியவில்லை என்றும் எழுதினார்கள். அதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அந்த ஹோட்டல் வாடகை என் மனசை விட்டுப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்வதற்கு ஒரு விலை இருந்தது, அதைக் கட்டக் கையில் காசு இல்லை. என் மகள் அந்த விலையை மூன்று வார ஹவர்ஸில் கட்டினாள். அவள் பின்னால் ஒரு பென்ஷன் இருந்ததால் கட்ட முடிந்தது. அவளுக்குப் பதிலாகப் போன பெண்ணுக்கு அப்பா இல்லை, தம்பி படிப்பும் அவள் தலையில். அவளால் கட்டியிருக்க முடியுமா?

முதலாளிகளுக்கும் கஷ்டம் இருக்கிறது. விமானம் நின்றுகொண்டிருந்தாலும் ஹேங்கர் வாடகை, இன்ஷூரன்ஸ், பராமரிப்பு எதுவும் நிற்காது. பெரிய மனிதர்கள் பில் பாக்கியை மாதக்கணக்கில் இழுப்பார்கள். எங்கள் கிளையில் அப்படிப்பட்ட தொழில்களின் கணக்கைப் பார்த்தவன் நான். ஆனால் எண்ணெய்க்காரனிடம் பேரம் பேச முடியாது, இன்ஷூரன்ஸில் குறைக்க முடியாது, வரிசையில் நிற்கிற பிள்ளையிடம் மட்டும் குறைக்க முடியும் என்பதால் அங்கேயே குறைப்பது நியாயம் ஆகாது.

பெரிய ஏர்லைன் பைலட்களுக்கு ஓய்வு கேட்டுக் கோர்ட்டுக்குப் போகச் சங்கம் இருக்கிறது. 2024 ஜனவரியில் டி.ஜி.சி.ஏ. வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 ஆக்கி விதி போட்டது. அது நடைமுறைக்கு வரவே 2025 ஜூலை ஆனது, அந்த டிசம்பரில் புது விதிக்கு வேண்டிய பைலட்கள் இல்லாமல் நாடு முழுக்க விமானங்கள் ரத்தாகி நிலையங்களில் ஜனங்கள் படுத்துக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். இரண்டு விமானம் வைத்திருக்கிற கம்பெனியில் நாலு பைலட். அவர்கள் எங்கே போய் என்ன சங்கம் வைப்பார்கள்?

அப்படியானால் ஏன் இன்னும் அங்கே இருக்கிறாய் என்று ஒரு நாள் மகளிடம் கேட்டேன். நேராகப் பதில் சொல்லவில்லை. அதற்கு முந்தின வாரம் சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காலி விமானத்தைக் கொண்டு போனார்களாம். "அப்பா, பாலாறு மேலருந்து மணல் ரோடு மாதிரி இருக்குப்பா. நம்ம வேலூர் கோட்டை தெரிஞ்சுது, அகழி சதுரமா பளபளன்னு. அப்துல்லாபுரம் ரன்வே ஒரு குச்சி மாதிரி." குரலே வேறாக இருந்தது. அந்த ஓடுதளத்தின் வேலியோரம் என் ஸ்கூட்டர் முன்னால் நின்றுகொண்டு, பயிற்சி விமானம் வருமா என்று காத்திருந்த ஆறு வயதுக் குழந்தையின் குரல். சின்ன ஊர்களுக்கும் விமானம் விடுகிற உடான் திட்டத்தில் வேலூர் பேர் வந்தபோது, இங்கேயே வேலை கிடைத்துவிடும் என்று ஆயா ஊரெல்லாம் சொன்னார்.

குடியாத்தத்துக்காரரிடம், அனுப்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லைசென்ஸ் வரை ஆகும் பணத்தை மட்டும் கணக்குப் போடாதீர்கள், அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வேலை இல்லாமலும், மூன்று வருஷம் பாதிச் சம்பளத்திலும் தாங்குமா என்று பாருங்கள் என்றேன். நிலம் முழுவதையும் விற்காதீர்கள் என்றேன். வெற்றுக் காசோலை விஷயத்தை இரண்டு தடவை சொன்னேன். மெடிக்கல் போய்விட்டால் பணம் தருகிற லைசென்ஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனி போடுகிறதா என்று கேட்கச் சொன்னேன், என் மகளுக்கு அது இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகனோடு மறுபடி வந்தார். என் மகளை வீடியோ காலில் பிடித்துக் கொடுத்தேன். பையன் கூச்சத்தோடு லாக்புக் எப்படி இருக்கும் என்று கேட்டான். எடுத்து வந்து பக்கம் பக்கமாகக் காட்டினாள். பையன் ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தான். அப்பா, மூக்குக்கண்ணாடியைத் தூக்கி ஃபோனுக்குக் கிட்டே முகத்தை வைத்துப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் தறியில் அறுந்த இழை தேடின கண்.

"ஏம்மா கண்ணு, பதினொண்ணாந் தேதிக்கு அப்பறம் நேரா அடுத்த மாசம் ரெண்டாந் தேதி போட்டிருக்கே. நடுவுல எங்க போன?"

அவள் சொன்னாள். சளியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒன்றும் பேசாமல் கேட்டுவிட்டு, மஞ்சப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து மகன் கையில் கொடுத்தார். "எழுதிக்கோடா. எங்க வேலைக்கிப் போனாலும் முதல்ல இதக் கேளு."

நான் கொடுத்திருந்த பாண்ட் நகலின் பின்பக்கத்தில் பையன் எழுதினான்: மாசம் எத்தனை மணி? உடம்பு முடியலன்னா என்ன பண்ணுவாங்க?